வைப்புப் பணமும் என் இடது பெருவிரலும்

மேற்பிரிவு லயம்,
ஹாலிஎல.
ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் சிவசக்திக்கு அப்பா முருகையா ஆசி கூறி எழுதிக்கொள்வது. மாரியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். சைப்பிரசில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் கிழவியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். கிழவியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள். ஒவ்வொரு வரியும் மேலே தொடங்கிக் கீழே சரிந்துவிடுகிறது. மலையிலேயே கிடந்தவனுக்கு மட்டமாக எழுத வரவில்லை என்று எனக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கிற சுபாஜினி டீச்சர் சிரிக்கிறாள். சில எழுத்துகள் பெரியதாகவும் சில எழுத்துகள் சிறியதாகவும் இருக்கும். பெரியவை நன்றாகத் தெரிந்தவை, சிறியவை சந்தேகமானவை. இது நான் என் வாழ்க்கையில் எழுதும் முதல் கடிதம். இந்த வரியை எழுதியதும் சந்தோஷம் தாங்காமல் பேனாவை வைத்துவிட்டு, வெளியே போய்ப் பால் விடாமல் ஒரு பிளேன்டி குடித்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். ஆனால் மகளே, எழுத வந்த விஷயம் வெட்கக்கேடானது. முதல் கடிதத்தில் நல்ல செய்தி எழுதக் கொடுத்து வைக்கவில்லை. இதைப் போனில் சொல்லலாம்தான். போன் உன் அம்மாவுடையது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் இது.

உன் வைப்புப் பணத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். நீ உன் சம்பளத்தை அங்கேயே ஒரு வங்கியில் வைப்புச் சான்றிதழாகப் போடப் போனதும், வெளிநாட்டுக்காரி என்று அவர்கள் வரி இலக்கம் கேட்டதும், வாடகைக் கடுதாசி கேட்டதும், கடைசியில் உன் விசா முடிகிற திகதி வைப்பு முடிகிற திகதிக்கு முன்னால் வருகிறது என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியதும் நினைவிருக்கும். அன்றைக்கு நீ அழுதாய். நான்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நீ ஏன் மகள் அங்க போய்க் கெஞ்சுற? இங்க அனுப்பு, அப்பா பதுளையில போடுறேன்" என்றேன். வெளிநாட்டுக்காரன் என்று கடுதாசி கேட்பது நமக்குப் புதிதா? இந்தத் தோட்டத்திலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய என்னிடமே, நீ எந்த நாட்டான் என்று தலை நரைக்கும் வரைக்கும் கடுதாசி கேட்டார்கள். அந்த அனுபவத்தில் பேசினேன். அப்படிப் பேசியவன்தான் இப்போது உன் பணத்தை மாட்டி வைத்திருக்கிறேன்.

உன் பெயரும் என் பெயரும் சேர்த்து ஒரு வருஷத்துக்குப் போட்டபோது எனக்கு எழுதத் தெரியாது, அதனால் இடது பெருவிரலை வைத்தேன். அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான், பகலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைகள் மடுவத்தில் சுபாஜினி டீச்சர் பெரியவர்களுக்கு அந்தி வகுப்பு தொடங்கினாள். நானும் என் கூட்டாளி கிருஷ்ணராஜும் இன்னும் சில பேரும் சேர்ந்தோம். உன் அம்மா மட்டும், "நான் படிச்சு என்ன கலெக்டராவா போகப்போறேன்? அடுப்பப் பாக்குறதா, ஆனாவப் பாக்குறதா?" என்று வரவில்லை. சரஸ்வதி பூசையன்று நாங்கள் எல்லோரும் எங்கள் பெயரை நாங்களே எழுதிக் காட்டினோம். அந்தச் சந்தோஷத்தில் கிருஷ்ணராஜ்தான் ஏற்றிவிட்டான். சம்பள நாளில் தோட்டத்துக் கந்தோர் வாசலில் மைப்பெட்டியில் விரலைத் தோய்த்துத் தோய்த்து வாழ்ந்த ஜென்மம் இன்றோடு முடிந்தது என்றான். அம்மன் கோயிலுக்குப் போனோம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி உயிர் போனாலும் எங்கேயும் விரல் வைக்க மாட்டோம் என்று ஆளுக்காள் சத்தியம் செய்தோம். எல்லோரிலும் பெரிய சத்தமாகச் செய்தவன் நான்.

வைப்பு முடிகிற நாள் வந்தது. கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். நான் வங்கியில் கையெழுத்து வைப்பதைப் பார்க்க வேண்டுமென்று கிருஷ்ணராஜும் வகுப்பாட்கள் இரண்டு பேரும் பஸ் காசு போட்டுக்கொண்டு கூடவே வந்தார்கள். கவுண்டரில் லக்ஷனா என்று ஒரு பிள்ளை, பதுளை பஜாரில் கடை வைத்திருப்பவர்களின் மகளாம், நல்ல மரியாதை. கடுதாசியைத் தந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்து, பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக இறக்கினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வாசலில் நின்ற காவல்காரர் கூட எட்டிப் பார்த்தார். எழுதி முடித்து, மையை ஊதிக் காயவைத்துக் கொடுத்தேன்.

"ரொம்ப அழகா இருக்கு ஐயா" என்றாள். பிறகு தன்னிடமிருந்த கார்டைப் பார்த்தாள். "ஆனா இதுல உங்க விரல் அடையாளம்தானே இருக்கு."

"அது பழைய முருகையா, பிள்ள."

"பணத்தப் போட்டது அந்தப் பழைய முருகையாதான் ஐயா. அவரு வந்தாத்தான் எடுக்கலாம்."

பின்னாலிருந்து கிருஷ்ணராஜ், "அண்ணே, கற்பூரம்! கற்பூரத்த மறந்துறாதீங்க!" என்று கத்தினான்.

கையெழுத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் சமாதான நீதவானின் கடிதம் வேண்டும், அது மேலே போய்த் திரும்பி வர நாளாகும் என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். "இன்னைக்குக் கடைசி நாள் ஐயா. நீங்க ஒண்ணும் சொல்லாட்டி அதுவாகவே இன்னொரு வருசத்துக்குப் போயிரும். ஒருதடவ விரல வச்சிட்டுப் போங்க, யாரு பாக்கப்போறாங்க?"

யார் பார்க்கப்போகிறார்களா? பார்ப்பதற்கென்றே மூன்று பேர் பஸ் ஏறி வந்து நிற்கிறார்கள்!

"போனாப் போகட்டும்!" என்றேன்.

மகளே, உன் அப்பனின் வாயிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது. நீ கிழவியம்மாவைக் குளிப்பாட்டி, தூக்கி, துடைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னேன். சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி வெளியே நடந்தேன். கிருஷ்ணராஜ் எனக்கு வடையும் தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்தான். பஸ்ஸில் ஜன்னல் பக்கத்து இடத்தையும் எனக்கே விட்டான். ஹாலிஎல வருவதற்குள் அந்தப் பெருமையெல்லாம் இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் வங்கியில் மெஷின் பழுது என்றேன். அன்று நீ போனில், "அப்பா, காசு எடுத்தாச்சா?" என்று கேட்டபோது, "எல்லாம் சரியா நடக்குது மகள், இங்க சிக்னல் இல்ல" என்று சொல்லி உன் அம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிட்டுக் கோழியைத் துரத்தப் போனேன். நம்மிடம் இப்போது கோழி இல்லை.

அந்தப் பணம் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கொஸ்லந்தப் பக்கம் மண் சரிந்த நாளிலிருந்து நீ மழை என்றாலே தூங்குவதில்லை. நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கிற மண் மேட்டில் வெடிப்பு இந்த மழைக்கு இன்னும் கொஞ்சம் அகன்றிருக்கிறது. டவுன் பக்கம் றிஸாத் விற்கிற துண்டுக் காணியை எங்களுக்காக வாங்கத்தான் நீ நாடு விட்டு நாடு போனாய். றிஸாத் போன கிழமை பாதையில் என்னை மறித்தார். "என்ன முருகையா ஐயா, சத்தத்தையே காணோம்? பண்டாரவளையில இருந்து ஒராள் வந்து காணியப் பாத்துட்டுப் போறாரு. நான் எத்தன நாளைக்குப் பொத்திப் பொத்தி வைக்கிறது?" என்று கேட்டார். நான் விடவில்லை. அவரை உட்கார வைத்து, நியாயம் சொல்லி, நயமாகப் பேசி, வருகிற வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தில் நான் வெட்கப்படாமல் எழுதக்கூடிய ஒரே விஷயம் இதுதான்.

பிறகு பூசாரியிடம் போய் அழுதேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சத்தியம் பண்ணினது வாயா, விரலா?" என்று கேட்டார். வாய்தான் என்றேன். "அப்ப விரல் மேல குத்தமில்ல. அது எங்க வேணுமோ போகட்டும். வாய்தான் தண்டம் கட்டணும். மூணு நாளைக்கு வெத்தில போடக் கூடாது, பெரும பேசக் கூடாது" என்றார். வெற்றிலையைச் சமாளித்துவிட்டேன்.

தண்டம் முடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் காலைப் பஸ்ஸில் வங்கிக்குப் போனேன். மெனேஜரின் அறைக்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொல்லி, ஜன்னல் திரையையும் இழுக்கச் சொன்னேன். அவர் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை அடக்க மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினார். நல்ல மனிதர். போன வருஷத்து வட்டி போகாதாம், புதிதாகப் போனதை இப்போது உடைத்தால் அதற்கு மட்டும் வட்டி கிடையாதாம். ஆனால் முடிகிற நாளில் என் ஒருவனின் விரல் போதுமாக இருந்தது. இடையில் உடைப்பதற்கு இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டுமாம். நான் விரல் வைத்துவிட்டேன். லக்ஷனா துடைக்கக் கடுதாசி கொடுத்தாள். அந்த மை போகவில்லை மகளே. தேசிக்காய் தேய்த்தேன், மண்ணெண்ணெய் தேய்த்தேன். இப்போது லயத்தில் இடது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். உன் அம்மா கை வலி என்று நினைத்துத் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள். அந்தத் தைலப் போத்தலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கிறது.

ஆகையால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். உனக்குச் சம்மதம் என்று வங்கிக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் ஈமெயில் அனுப்ப வேண்டும். விலாசத்தை லக்ஷனா எழுதிக் கொடுத்த துண்டும் இதோடு வருகிறது. தபாலில் போட்டால் உன் கைக்கு வருவதற்குள் காணி போய்விடும், அதனால் நாளைக்கு வகுப்பில் சுபாஜினி டீச்சரின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்வேன். படம் பிடிக்கும்போது வாசிக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுவேன். என்னை நீ எப்படி வேண்டுமானாலும் ஏசு, நான் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கைகூப்பிக் கேட்கிறேன், இது உனக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும். உன் அம்மாவுக்குத் தெரிந்தால் எனக்குச் சோறு கிடைக்கும், முகம் கிடைக்காது. கிருஷ்ணராஜுக்குத் தெரிந்தால் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் என்னை நிற்க வைத்துச் சிரிப்பான்.

வேளைக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொள். அம்மன் உன்னை எந்தக் கடுதாசியும் கேட்காமல் காப்பாற்றுவாள். அடுத்த கிழமையும் எழுதுவேன். அதில் வெட்கப்படும்படி ஒன்றும் இருக்கக் கூடாது, அதனால் இந்தக் கிழமை முழுக்க ஒழுங்காக நடக்கப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வீ. முருகையா
(நானே வைத்த கையெழுத்து)

பின்குறிப்பு: திங்கட்கிழமை அந்தி. மேலே ரகசியம் என்று எழுதியதையெல்லாம் விட்டுவிடு மகளே. கடிதத்தை வகுப்புக்குக் கொண்டு போனேன். கிருஷ்ணராஜ் கண்டுவிட்டு, "இம்புட்டுப் பக்கமா? யாரு அண்ணே எழுதிக் குடுத்தது?" என்றான். நானேதான் என்றேன். "அப்ப வாசிங்க பாப்போம்!" என்றான். கூட்டம் கூடிவிட்டது. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்த உன் அம்மாவும் வாசலில் நின்றாள். எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கிழவியம்மாவின் முழங்காலிலிருந்து தொடங்கினேன். பிளேன்டி வந்தபோது கை தட்டினார்கள். வெட்கக்கேடு என்ற இடம் வந்தபோதுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று நினைவு வந்தது. ஆனால் நடுவில் தாண்டி வாசிக்க எனக்கு இன்னும் தெரியாது. ஒரு எழுத்தை விட்டால் எல்லாம் குழம்பிவிடும். ஆகவே ஒன்று விடாமல் கடைசி வரை வாசித்துவிட்டேன்.

கிருஷ்ணராஜ் தலையைக் குனிந்துகொண்டு சாரத்து மடிப்பிலிருந்து இடது கையை எடுத்துக் காட்டினான். பெருவிரலில் மை! முதியோர் காசு எடுக்கத் தபால் கந்தோரில் வைத்தானாம். "கார்டுல விரல்தான் இருக்குன்னாங்க அண்ணே. நான் என்ன பண்ணுவேன்?" என்றான். பிறகு ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார்கள். எல்லோருமே எங்கேயாவது வைத்துவிட்டுத்தான் கையை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பணம் மாட்டிக்கொண்டது எனக்கு மட்டும்தான்.

உன் அம்மாவுக்கு முதல் நாளே தெரியுமாம். "மெஷின் பழுதுன்னு சொல்லிட்டு வெள்ளச் சட்டைய ரெண்டு நாளு கழட்டாம இருந்தா எனக்குத் தெரியாதாக்கும்?" என்கிறாள். றிஸாத்தின் மனைவியிடம் போய் வெள்ளிக்கிழமை வரை தவணை கேட்டதும் அவள்தானாம். என் நயமான பேச்சுக்கு முன்பே அது முடிந்துவிட்டதாம். அதையும் மேலே அடித்துவிடு. ஈமெயில் அனுப்பச் சொன்னதை மட்டும் அடித்துவிடாதே.

இந்தப் பக்கத்தின் அடியில் நீலமாக அப்பியிருப்பதைப் பேனா ஒழுகியது என்று நினைக்காதே. தானும் உனக்கு ஏதாவது போட வேண்டும் என்று உன் அம்மா கேட்டாள். நீ சொல்லு, நான் எழுதுகிறேன் என்றேன். "நீங்க எழுதுனா நீங்க சொன்ன மாதிரில்ல இருக்கும்? எனக்கு ஒரு சத்தியமும் கெடையாது" என்று சொல்லி, சுபாஜினியின் மைப்பெட்டியை வாங்கித் தன் விரலை வைத்து அழுத்தினாள். அது உன் அம்மா.