இங்க ஆள் வராங்க

இடம்பிடிப்பார் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைத் தேடி நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். கோடை பிறந்து, சனிக்கிழமைதோறும் பூங்காவில் திறந்தவெளியில் இலவசமாகப் படம் காட்டப்போகிறார்கள் என்று சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் போதும், அவர்களாகவே வெளியே வருவார்கள். படம் இருட்டிய பிறகுதான் தொடங்கும். இருட்டுவதற்கு வெயில் சாய வேண்டும், சாய்வதற்கு முன் அது உச்சிக்கு வர வேண்டும். அந்த உச்சி வெயிலில், ஈ காக்கை இல்லாத புல்தரையில், தோளில் ஒரு கட்டுப் போர்வையோடு ஒருவர் நின்று நாலு பக்கமும் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர்தான்.

நம்மவர் அந்த இனத்தில் முதல் தரம். பூங்காவில் விளையாடும் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் போர்வை மாமா. தொழில், மூக்குக்கண்ணாடிக் கடை. கடை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் நடந்தே தெருவுக்குப் போக வேண்டிய அகலம். கண் பரிசோதிக்க நீளமும் போதாது. அதனால் எழுத்துப் பலகையை இடவலம் மாற்றி எழுதவைத்து, வருகிறவரின் தலைக்கு மேலே பின்சுவரில் மாட்டி, எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார். வந்தவர் கண்ணாடிக்குள் பார்த்து எழுத்தை நேராகப் படிப்பார். நம்மவர் பலகையையே பார்த்து, அவர் சொல்வது சரியா என்று கவனிப்பார். நாளெல்லாம் இப்படி ஒடுங்கி நிற்கிற மனுஷனுக்கு, அகலமான ஒரு புல்தரையைச் சும்மா கொடுத்தால் ஆசை பொத்துக்கொண்டு வராதா?

வரும். வந்தது. போர்வைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்து விரிப்பார். இந்த மூலைக்கு வலது செருப்பு, அந்த மூலைக்கு இடது செருப்பு, மூன்றாவதற்குத் தண்ணீர் பாட்டில், நாலாவதற்கு மடக்குக் குடை. பிறகு வெறுங்காலோடு, சுடுகிற தரையில் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, எல்லையைச் சுற்றி வருவார். சாயங்காலம் கூட்டம் சேரச் சேர அவர் வாயில் ஒரே வாக்கியம்தான். "இங்க ஆள் வராங்க." பெண்களிடம் கெஞ்சலாகச் சொல்வார், பெரியவர்களிடம் வருத்தமாகச் சொல்வார், தடியான ஆள் யாராவது கேட்டால் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்வார்.

வருகிற ஆள் யார்? மனைவியின் தம்பி குடும்பம், அக்கா குடும்பம், மாடி வீட்டுக்காரர், மாடி வீட்டுக்காரரின் விருந்தாளிகள். இவர்கள் வருவார்களா? படத்தின் பெயர் திரையில் விழுகிற நேரத்தில் மச்சினனிடமிருந்து ஃபோன் வரும். "மாமா, இன்னிக்குக் கொஞ்சம் அசதியா இருக்கு. அடுத்த வாரம் கண்டிப்பா வரோம், இடம் மட்டும் போட்டு வைங்க." நம்மவருக்கு இதில் கோபமே வராது. அடுத்த வாரத்துக்கும் வேலை இருக்கிறதே.

ஆக, அத்தனை பெரிய மைதானத்தில் அத்தனை பெரிய விரிப்பின் நடுவில், அவர் மனைவி ஒருத்தி மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்திருப்பாள். சுற்றிலும் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கியடித்திருக்கும் சனம் அவளை முறைக்கும். கணவரோ கடைசிக் காட்சிவரை எல்லையில் காவல். திரைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி நிற்பார். வருஷக்கணக்காக வாரம் தவறாமல் போகிறவர் ஒரு படத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை.

அவள் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவள். காத்திருக்கிறவர்களைச் சமாதானப்படுத்துவதே பிழைப்பு. அப்படிப்பட்டவளுக்கே ஒரு கோடையின் கடைசிப் படத்துக்கு முந்தின நாள் பொறுமை போய்விட்டது.

"நாளையோட முடியுது. ஒரு படமாவது என் பக்கத்துல உக்காந்து பாப்பீங்களா?"

"என்ன இப்படிக் கேக்குற? உனக்காகத்தானே இடமே பிடிக்கிறேன்."

"இடம் நிறைய இருக்குங்க. ஆளைத்தான் காணோம். நாளைக்கும் நீங்க எந்திரிச்சுப் போய்க் காவல் நின்னீங்கன்னா, இனிமே நான் வரமாட்டேன். நீங்களும் உங்க போர்வையும் ஜோடியாப் பாத்துட்டு வாங்க."

சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் பரவாயில்லை. சிரிக்காமல் சொன்னாள். நம்மவருக்குச் சுருக்கென்றது. உண்மையிலேயே பயந்துவிட்டார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு, நேரத்துக்குப் போய், கிடைத்த இடத்தில் அவளோடு உட்காருவீர்கள். இடம்பிடிப்பார் அப்படி யோசிப்பாரா? மனைவியோடு நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால் யாரும் நெருங்க முடியாத இடமாக இருக்க வேண்டும், அதற்கு வழக்கத்தைவிட முன்னால் போக வேண்டும் என்று முடிவு கட்டினார். மறுநாள் காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டார்.

வழக்கமாகத் திரையைக் கட்டுவது பூங்காவின் ஓரத்தில் இருக்கும் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவில். அதற்கு நேர் எதிரே, ஜம்மென்று, கழுத்து வலிக்காத தூரத்தில் போர்வைகளை விரித்தார். சாயங்காலம் திரை கட்டுகிறவர் சுருட்டிய துணியோடு வந்தார்.

"அண்ணே, இன்னிக்கு இங்க கட்டல. காத்து பலமா இருக்கு, துணி கிழிஞ்சிரும். நடுவுல அந்த ரெண்டு மரத்துல கட்டி, அந்தப் பக்கத்துலேருந்து படம் விடுறோம். நீங்க இப்பவே அங்க போயிருங்க. இடம் காலியாத்தான் இருக்கு."

நல்ல மனுஷன், நல்லதைத்தான் சொன்னான். ஆனால் நம்மவர் இந்தத் துறையில் எத்தனை தந்திரம் பார்த்தவர்! தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, எறும்புப் புற்று இருக்கிறது, உங்கள் கடையில் யாரோ காத்திருக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லி அவரைக் கிளப்பப் பார்த்தவர்கள் உண்டு.

"எனக்கேவா? உங்க மாமியார் வீட்டு ஆளுங்க வராங்களா?" என்று கேட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

திரைக்காரர் தலையைச் சொறிந்தபடி போனார். மரத்தில் கயிறு கட்டினார். நம்மவர் புன்னகைத்தார். துணியைத் தூக்கினார். நம்மவர் இன்னும் புன்னகைத்தார். எவ்வளவு தூரம்தான் நடிக்கிறான் பார்ப்போம் என்றிருந்தார். சனமெல்லாம் திமுதிமுவென்று வந்து மரங்களுக்கு அந்தப் பக்கம் இறங்கியது. நம்மவர் பக்கத்தில் ஒரு பூனைகூட வரவில்லை. சந்தேகம் தட்டி அவர் எழுந்து போய்ப் பார்த்தபோது, அங்கே ஒரு கைக்குட்டை விரிக்கக்கூட இடமில்லை.

வேலை முடிந்து வந்த மனைவி, கூட்டத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தாள். போர்வைகளைப் பார்த்தாள். திரையின் முதுகைப் பார்த்தாள். கடைசியாக அவரைப் பார்த்தாள்.

"நீ இங்கேயே இரு. நான் அந்தப் பக்கம் போய்ப் பேசி, ஒரு ஓரத்துல..."

"எங்க போறீங்க?"

அவர் எடுத்த காலை வைத்தார். அவள் முந்தின நாள் பேசியபோது இருந்த முகம் அப்படியே இருந்தது. பிடித்த இடம் போச்சு, இப்போது இவளும் போய்விடுவாளோ என்று பயந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவு போர்வை இருந்தும் இரண்டு பேரும் ஒரு மூலையில்.

படம் தொடங்கியது. துணி மெலிசு, அதனால் பின்னாலும் படம் பளிச்சென்று தெரிந்தது. எல்லாரும் இடது கையால் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் பேச்சு ஏதோ அயல்மொழி. கீழே நம் எழுத்தில் வசனம் ஓடியது, இடவலம் மாறி. அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். இந்தப் பக்கம் அவள் கொட்டாவி விட்டாள்.

"அந்தக் கிழவர் என்ன சொல்றாருன்னு இப்படிச் சிரிக்கிறாங்க?"

"அவர் செத்துட்டதா ஊரெல்லாம் சொல்லிட்டாங்களாம். சாவு வீட்டுல தனக்கும் சேத்துச் சாப்பாடு இருக்கான்னு கேக்குறாரு."

அவள் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கீழ எழுதியிருக்கே."

"அது தப்புத் தப்பா இருக்குங்க."

"இருந்தா என்ன? பொழுதன்னைக்கும் கடையில இதைத்தானே பாக்குறேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் படிக்கத் தொடங்கினார். முதலில் மென்று முழுங்கினார், பிறகு கிழவருக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல் என்று களை கட்டிவிட்டது. எல்லையை மறந்தார். செருப்பை மறந்தார். மச்சினன் ஃபோன் செய்தான், எடுக்கவில்லை. அவள் அவர் பக்கம் நகர்ந்து தோளில் சாய்ந்துகொண்டாள்.

அப்போதுதான், முன்பக்கம் இடம் கிடைக்காத ஒரு கணவனும் மனைவியும், தூங்குகிற குழந்தையோடு தயங்கித் தயங்கி வந்து நின்றார்கள்.

"இங்க யாராவது வராங்களாண்ணே?"

பழக்கம் லேசில் விடுமா? அந்த வாக்கியம் தொண்டைவரை வந்துவிட்டது. கால்கூட எழுந்திருக்கப் பார்த்தது. தோளில் இருந்த தலை மெல்ல நிமிர்ந்தது. அவர் அந்தத் தலையைப் பார்த்தார்.

"வரவேண்டிய ஆள் வந்தாச்சு," என்றார். "நீங்க உக்காருங்க."

அவர்களுக்கும் சேர்த்து உரக்கப் படித்தார். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். வாங்கின நாளிலிருந்து முதன்முறையாக எல்லாப் போர்வையிலும் ஆள் நிறைந்தது.

அதோடு மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனத்தைப் பற்றி நான் இவ்வளவு சொல்லியும் பயனில்லாமல் போய்விட்டதே. அடுத்த கோடையில், நோட்டீஸின் பசை காய்வதற்குள் பூங்காவுக்குப் போய்விட்டார். உச்சி வெயில், வெறுங்கால், நாலு மூலை. ஒரே வித்தியாசம், இப்போது அவர் பிடிப்பது, மரத்திலேயே நிலைத்துவிட்ட திரைக்குப் பின்னால். அங்கே அவரோடு போட்டிக்கு யாருமே இல்லை, இருந்தும் யாராவது குறுக்கே நடந்தால் "இங்க ஆள் வராங்க" என்று சொல்லிவைக்கிறார். ஆனால் படம் தொடங்கினால் உட்கார்ந்துவிடுகிறார். அதுவரைக்கும் மனைவி பொறுத்துக்கொள்கிறாள்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை, தெரியும். பேருந்திலோ, காத்திருக்கும் கூடத்திலோ, எங்கேயோ உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. அப்படியே கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். எதிரே ஒருவர் ரொம்ப நேரமாக நின்றுகொண்டே இருக்கிறார், பக்கத்து இருக்கையில் உங்கள் பை சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.