ஒரே சாவி, இரண்டு கதவு

லாரியின் கதவு திறக்கவில்லை. உள்ளே மேஜர். வெளியே மனைவி.

மேஜர் என்றால் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தையல்காரர். ஓய்வு கொடுத்த பட்டாளத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்ததிலிருந்து தெருவே அவரை அப்படிக் கூப்பிடுகிறது. அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

"என்னங்க, இறங்கலையா?"

"கதவு திறக்கல."

"உள்பக்கக் கைப்பிடி எங்கே?"

"கழட்டி சமையல்கட்டு அலமாரியில வெச்சிருக்கேன்."

"ஏன்?"

ஏன் என்று கேட்கிறாளே! யாரால் கழட்டினார்? இவளால்தான். இந்த மாதிரி லாரிக்கு ஸ்டார்ட் பண்ணச் சாவியே கிடையாது. சுவிட்சைத் தட்டினால் போதும். கதவுப் பூட்டும் பழசு. இவள் கொண்டை ஊசிக்கே திறந்துகொள்ளும். செடிக்கடை வைத்திருப்பவள் சும்மா இருப்பாளா? நினைத்த நேரத்தில் எரு மூட்டையை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பீரங்கி இழுத்த வண்டியில் எருவா? மேஜருக்கு ரத்தம் கொதித்தது.

அதுவும் இன்றைக்குப் பழைய வண்டிகள் அணிவகுப்பு. வருஷம் பூராவும் பாலிஷ் போட்டது இதற்குத்தான். அதனால் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் புதுப் பூட்டு இரண்டு வாங்கினார். சாவி நுழையும் உருளைகளைப் பிரித்து, உள்ளே இருந்த குட்டிப் பின்களை மாற்றி அடுக்கி, இரண்டு கதவுக்கும் ஒரே சாவி பொருந்தும்படி செய்தார். ஸ்பிரிங் ஒன்று துள்ளி அவர் மூக்குக்குள்ளேயே போய் வந்தது. விடவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் திறப்பாளே என்று ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்தார். வலையையும் வளைத்துவிடுவாளோ என்று கைப்பிடிகளையும் கழட்டினார். சாவி ஒன்றே ஒன்று. அது அவர் கழுத்தில். சாவித் துளையோ வெளிப்பக்கம் மட்டும்.

"பிரமாதம்ங்க! உள்ள உட்கார்ந்து கதவைச் சாத்துங்க. எப்படி இருக்கீங்கன்னு பார்க்கறேன்" என்று சற்று முன்புதான் சொன்னாள்.

சாத்தினார். புகழ்ந்தால் மனுஷன் எதையும் சாத்துவார்.

"இப்படியே ஓட்டிட்டுப் போறேன்!" என்று கத்தினார் மேஜர்.

"தாராளமாப் போங்க. அங்க எப்படி இறங்குவீங்க?"

மேஜர் யோசித்தார். நடுவர்கள், கூட்டம், கூண்டுக்குள் தான்.

"கைப்பிடியை எடுத்துட்டு வா."

"வலைக்குள்ள கைப்பிடி நுழையாதுங்க. சாவி நுழையும். குடுங்க, திறந்து விடறேன்."

"மாட்டேன்! அது என் சாவி!"

"சரி, நான் துணி காயப் போடப் போறேன்."

"அடியே, நில்லு!"

உலகத்திலேயே ஒரே ஒரு சாவி. எந்த ஒருத்தியிடம் போகக்கூடாது என்று இவ்வளவு மெனக்கெட்டாரோ, அவளிடமே வலை வழியாகப் போனது. அவர் கையாலேயே.

கதவு திறந்தது. இறங்க விட்டாளா?

"தள்ளி உட்காருங்க, நேரமாச்சு. உங்க அணிவகுப்பு மைதானத்துக்குத்தான் போறேன்." ஏறிக்கொண்டாள். முந்தானையிலிருந்து கைப்பிடி ஒன்றை எடுத்துத் தன் பக்கத்துக் கதவில் சொருகினாள். அப்போ முதலிலேயே எடுத்து வைத்திருக்கிறாள்!

"என் பக்கத்துக் கைப்பிடி?"

"நீங்க சொன்ன அலமாரியிலதான் இருக்கு."

வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து ஒரு வாடை.

"அது என்ன நாத்தம்?"

"மைதானத் தோட்டத்துக்கு எரு. முன்னாடிதானே பூட்டுப் போட்டீங்க? பின்னாடி வெறும் தார்ப்பாய்தானே."

அணிவகுப்பில் பச்சை லாரி நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தைத்து வைத்த விறைப்பான காக்கிச் சட்டையில், கம்பிவலைக்குப் பின்னால் மேஜர் உட்கார்ந்திருந்தார். பிடிபட்ட எதிரி மாதிரி இருந்தார். அதையும் அலங்காரம் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மனைவி இறங்கினாள். கைப்பிடியை உருவி இடுப்பில் செருகினாள். கதவைச் சாத்தினாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "முதல் பரிசு பச்சை லாரிக்கு! சொந்தக்காரர் இறங்கி மேடைக்கு வாங்க!"

மேஜர் வலையைப் பிடித்து உலுக்கினார். கூட்டம் இன்னும் பலமாகக் கை தட்டியது.

"சார், இறங்கி வாங்க!"

"ரொம்பக் கூச்சப்படுவாருங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டாள் மனைவி. "என்னங்க, இவ்வளவு பேர் கூப்பிடறாங்க. ஒரு மரியாதைக்காவது இறங்கி வாங்களேன்!"

மேஜர் இறங்கவில்லை.