பழைய கார் பார்க்க உன்னைக் கூப்பிடாத காரணம்

எனக்குப் பின்னால் பிறந்து, எனக்கு முன்னால் எல்லாம் தெரிந்துகொண்டுவிட்ட தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. ஏன் என்பது கீழே வரும். நீ சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். உன் வீட்டுக்காரியையும் கேட்டதாகச் சொல். போன வருடம் நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கொட்டாவி விட்டாள். அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்றும் சொல்.

என் பெரியவள் பழைய கார் வாங்கப் போகிறாள், ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்து பார்த்துக் கொடுத்திருப்பேனே என்று நீ போகிற இடமெல்லாம் வருத்தப்படுகிறாயாம். நீ பஸ் பணிமனையில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவன்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ பார்த்துக் கொடுத்த ஸ்கூட்டர் ஒன்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் அத்தான் அதில் ஏறிப் போன தூரத்தைவிட அதைத் தள்ளிக்கொண்டு வந்த தூரம்தான் அதிகம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், ஸ்கூட்டரும் போய்ச் சேர்ந்துவிட்டது, என் கோபம் மட்டும் இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. அதனால்தான் உன்னைக் கூப்பிடவில்லை. நானே போய்ப் பார்த்து, நானே விலையையும் இறக்கிவிட்டேன். எப்படி என்று படித்துத் தெரிந்துகொள்.

பெரியவள் ஜன்னல் திரை தைக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். புதிதாகக் கட்டிய விடுதி ஒன்றில் எல்லா அறைக்கும் திரை தைத்து மாட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை மாட்டத் தொடங்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து இவளுடைய வேன் படுத்துவிட்டது. பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்று ஏறினால், திரைக்கம்பி ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டது, கண்டக்டர் இவளையும் கம்பியையும் சேர்த்து இறக்கிவிட்டார். இந்த ஆர்டரை நம்பித்தான் தவணையில் புது தையல் மெஷின் எடுத்திருக்கிறாள். ஆர்டர் போனால் மெஷினும் போகும், கூட வேலை செய்கிற இரண்டு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே ஒரு கார், அதுவும் உடனே.

மாப்பிள்ளையை உனக்குத் தெரியும். டயரை உதைத்துப் பார்க்கச் சொன்னால், அதனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உதைக்கிற பிறவி. "அம்மா, இவரத் தனியா அனுப்பினா கேட்டதுக்கு மேல குடுத்துட்டு நன்றியும் சொல்லிட்டு வருவாரு. நீயும் கூடப் போ. ஆனா சண்ட போடாத" என்றாள் பெரியவள். "நான் எப்ப சண்ட போட்டேன்?" என்றேன். "எப்பப் போடல?" என்றாள். யாருக்குப் பிறந்தவள்!

பழைய கார் விற்கிற இடத்தில் ஒரு தரகர், நிழலிலும் கூலிங்கிளாஸைக் கழற்றாத ஆள். "இந்தக் காருக்கு ஒரே ஓனர் சார், டாக்டர், கோயில் மாதிரி வச்சிருந்தாரு. காலைல இன்னும் யாரும் எடுக்கக்கூட இல்ல" என்று ஆரம்பித்தார். நான் முதலில் எஞ்சின் மேல் மூடியில் கையை வைத்தேன், சுட்டது. "காலைல இன்னும் யாரும் எடுக்கலேன்னியே, பின்ன இதுக்கு என்ன காய்ச்சலா?" என்றேன். அப்புறம் கதவுகளை வரிசையாகப் பார்த்தேன். ஒரு கதவு மட்டும் வேறு துணிச்சுருளில் வெட்டியது மாதிரி நிறம் ஒரு சாயல் குறைவு, எங்கோ இடித்து மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். திரை தைக்கிற வீட்டில் இருக்கிறவள் கண்ணுக்கு இது தப்புமா? மீட்டரில் பார்த்தால் கார் அதிகம் ஓடவே இல்லை. பிரேக் மிதிக்கிற ரப்பரோ என் பழைய செருப்பைவிட மோசமாகத் தேய்ந்திருந்தது. "டாக்டர் கார ஓட்டாம சும்மா உட்கார்ந்து மிதிச்சிக்கிட்டே இருந்தாரா?" என்று கேட்டேன். மாப்பிள்ளை என் காதில், "அத்தை, அவர் மனசு கஷ்டப்படப் போவுது" என்றார்.

ஆனாலும் காரில் இடம் தாராளம், எஞ்சின் சத்தமும் ஒழுங்கு, மனசுக்குப் பிடித்துத்தான் இருந்தது. டிக்கியில் திரை மூட்டை போகுமா என்று பார்க்க வேண்டும். நான் சுருண்டு படுத்தால் ஒரு மூட்டை அளவுதானே, வேறு அளவுகோல் எதற்கு? ஏறினேன். படுத்தேன். அடியில் விரித்திருந்த பாயைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருக்கும்போது கூலிங்கிளாஸ் போனில் பேசிக்கொண்டே வந்து, என்னைப் பார்க்காமலே டிக்கியைப் படாரென்று சாத்திவிட்டார்.

"ஓட்டிப் பாத்துடலாம் சார். அம்மா எங்க?"

"தெரியலீங்க. உள்ள போய் ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்திருப்பாங்க."

"இருக்கட்டும் சார், வெயில்ல எதுக்கு."

மாப்பிள்ளை விட்ட நிம்மதி மூச்சு டிக்கி வரைக்கும் கேட்டது. அதையும் மறக்க மாட்டேன்.

கார் கிளம்பிவிட்டது. நான் கையால் டொக் டொக் என்று தட்டினேன். "என்னங்க சத்தம்?" என்றார் மாப்பிள்ளை. கூலிங்கிளாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்புறம், "அது சஸ்பென்ஷன் சார். முன்னாடியே இருக்கறதுதான். சின்ன வேலை. உங்களுக்காக விலையில கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்றார். கத்துவதற்குத் திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன்.

தம்பி, நீயே சொல், அந்த நேரத்தில் யாராவது வெளியே வருவார்களா? வளைவு வந்தது, இரண்டு கையாலும் தட்டினேன், விலை இறங்கியது. மேடு பள்ளம் வந்தது, முழங்காலாலும் இடித்தேன், இன்னும் இறங்கியது. மாப்பிள்ளை, "பாவம், உங்களுக்கு நஷ்டம் வந்துடுமே, இதுவே போதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். ஆத்திரத்தில் காலால் ஒரு உதை விட்டேன். "சரி சார், கடைசி விலை!" என்று கூலிங்கிளாஸ் அலறி ஒரு தொகை சொன்னார். மாப்பிள்ளை சரியென்று முன்பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும், உதிரிச் சக்கரம் ஆடுகிறதா பார்க்கிறேன் என்று டிக்கியைத் திறந்தார் தரகர். கூலிங்கிளாஸ் தானாகக் கழன்று விழுந்தது.

"அம்மா! நீங்களா தட்டுனது?"

"கையக் குடு, முதல்ல இறங்கணும்."

"அப்ப சஸ்பென்ஷன்ல ஒண்ணும் இல்ல! பழைய விலைதான் சார்!"

"முன்னாடியே இருக்கற சத்தம்னு வாயால சொன்னது யாரு? நானா? கிழவிய டிக்கியில போட்டு ஊரச் சுத்துனத உங்க முதலாளிகிட்டச் சொல்லட்டுமா?"

மாப்பிள்ளை இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டார். இறக்கின விலைக்கே கார் வாசலுக்கு வந்துவிட்டது. பெரியவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று, இன்றைக்குச் சிரித்தாள். திரை மூட்டையெல்லாம் கட்டித் தயாராக இருக்கிறது.

ஆகவே உன் உதவி தேவைப்படவில்லை. இனிமேல் யாருக்கும் வண்டி பார்த்துக் கொடுக்காதே, ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைக் கேள். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளை ஒரு சுற்றுப் போகலாம் என்று கூப்பிட்டார். முன்சீட்டில் பெல்ட் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிக்கி காலி, நானே திறந்து பார்த்தேன். கார் டொக் டொக் என்கிறது. அந்தத் தரகர் சொன்னதில் சஸ்பென்ஷன் சத்தம் ஒன்றுதான் உண்மை போலிருக்கிறது. பெரியவளுக்கு இன்னும் தெரியாது. ஸ்பானர் பையை எடுத்துக்கொண்டு, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஆளோடேயே கிளம்பி வந்துவிடு.