அறுபது பொம்மை வாத்துகள்

"அறுபதும் தண்ணியில கெடக்கட்டும்னு நான்..."

"அத்தான், ஆறு போதும்னு நான்..."

"...மொதல்லேருந்து சொல்றேன், நீ என்னடான்னா..."

"...நானும் மொதல்லேருந்துதான் சொல்றேன்! இத்தனை பொம்மையைப் பாத்தா எந்த வாத்து இறங்கும்? யாரோட கல்யாணமோன்னு ஒதுங்கிப் போயிடும்!"

அல்சீட் வானத்தைப் பார்த்தார். பாத்திரம் துடைத்த துணியைப் பிழிந்து விரித்த மாதிரி இருந்தது. ஜனவரிக் கடைசி, வேட்டைக் காலத்தின் கடைசி நாள். லூசியானாச் சதுப்பின் நாணல் மறைப்புக்குள் அவரும் மச்சினன் உலிஸும் விடியலிலிருந்து முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நவம்பரிலிருந்து ஒரு வாத்துகூட விழவில்லை.

நாளை, அல்சீட்டின் மனைவி ஒனெசியா இறந்துபோய் ஒரு வருஷம். காலையில் கோயிலில் பூசை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. கடைசி வாரம் படுக்கையில் கிடந்தபடியே அவள் அதற்கு உத்தரவு போட்டிருந்தாள்.

"என் வருஷச் சாப்பாட்டுக்கு வாத்து கம்போக் குழம்புதான் வெக்கணும். நீங்க சுட்ட வாத்து. கோழியைப் போட்டு ஏமாத்துனீங்க, எழுந்து வந்துடுவேன்."

"வாத்துக்கு என்னடி பஞ்சம் நம்ம குளத்துல?" என்று அன்றைக்கு அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

முப்பத்தொரு வருஷமாக அந்தக் குளத்தில் வாத்துகள் வந்து விழுந்தது நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்க அல்சீட் பொம்மை மிதக்கவிடும் திறமையால்தான் என்று ஊரே சொல்லும். அக்டோபர் வந்தால் தீயணைப்பு நிலையத்தில் கரும்பலகை வைத்து வகுப்பெடுப்பார். காற்று இப்படி அடித்தால் லாடம் மாதிரி வை. அப்படி அடித்தால் தூண்டில் முள் மாதிரி வை. அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் யாரும் அதிகம் சுட்டதில்லை. "கவனிச்சுக் கேக்கறதில்ல" என்பார்.

"சரி, உன் ஆறையே வைப்போம்" என்றார் அல்சீட் கடைசியில்.

ஐம்பத்து நான்கு பொம்மைகளைப் பொறுக்கி எடுக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். நாற்பதாவதில் சேறு காலை இழுத்தது. ரப்பர் காற்சட்டைக்குள் ஜனவரித் தண்ணீர் குபுகுபுவென்று புகுந்தது.

"வெளிய வாங்க அத்தான், காய்ச்சல் வரும்!"

"வரட்டும். வாத்துதான் வரல, அதாவது வரட்டும்."

ஆறு பொம்மைகள் ஆறு அநாதைகள் மாதிரி மிதந்தன. ஒரு கூட்டம் வந்து, உயரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே போய்விட்டது.

"ஆள் நடமாட்டம் இல்லாத வீடுன்னு நெனச்சிருச்சுங்க" என்றார் அல்சீட். "உன் யோசனைதானே?"

உலிஸ், இறக்கை சுழலும் மின்சாரப் பொம்மையைக் கொண்டுபோய் நட்டார். அடுத்த கூட்டம் அதைப் பார்த்ததும் அம்பு மாதிரி மேலே ஏறியது.

"கனடாவிலேருந்து இங்க வர்றதுக்குள்ள இந்த மாதிரி நூறு பாத்திருக்கும்டா அதுங்க. கழட்டு."

"அப்ப இதைப் பாருங்க." மனைவி தோட்டத்தில் அழகுக்கு நட்டிருந்த பிளாஸ்டிக் நாரையைச் சாக்குப்பையிலிருந்து உருவினார் உலிஸ். "நாரை நிக்கற இடத்துல ஆபத்து இல்லைன்னு வாத்து நம்பும்."

நட்ட பத்தாவது நிமிஷம் நிஜ நாரை ஒன்று வந்து இறங்கியது. பிளாஸ்டிக்கை மேலும் கீழும் பார்த்தது. ஒரே கொத்து. தலை தனியாக மிதந்து போனது.

"ரொம்ப நல்லது" என்றார் அல்சீட். "தலையில்லாத நாரை. இப்ப நல்லா நம்பிக்கை வரும்."

உலிஸ் குரலைத் தாழ்த்தினார். "அத்தான், கோவப்படாதீங்க. ரெண்டு கை நெல்லை அந்த ஓரமா..."

"வாயை மூடு!"

"ஒரே ஒரு தடவை, அக்காவுக்காக..."

"உங்கக்காவுக்காகத்தான் சொல்றேன்! தீனி தூவிச் சுடறவன் வேட்டைக்காரன் இல்ல, திருடன். சட்டமும் அதைத்தான் சொல்லுது. முப்பத்தொரு வருஷத்துல இந்தக் குளத்துல ஒரு நெல்லு விழுந்ததில்ல. விழுந்திருந்தா உங்கக்கா என் முகத்துல முழிச்சிருப்பாளா? அவ எப்பேர்ப்பட்டவ! சீசன்ல வெள்ளிக்கிழமை தவறாம சாயங்காலம் தனியா இங்க படகெடுத்துட்டு வந்து எனக்காக ஜெபமாலை சொன்னவ. துடுப்புப் போட்ட வலிக்கு ராத்திரி தோள்ல தைலம் தேய்ச்சுவிடச் சொல்லுவா. அந்த ஜெபம்டா இந்தக் குளம்."

 உலிஸ் சாக்குப்பையின் வாயைக் கட்டினார்.

பொழுது சாயும் நேரத்தில் எட்டு வாத்துகள் வந்தன. பச்சைத்தலைகள். தாழ்ந்தன. காலை நீட்டின.

"கயிறு, அத்தான்! கயித்தை இழுங்க, அலையடிக்கட்டும்!" என்று கிசுகிசுத்தார் உலிஸ்.

அல்சீட் இழுத்தார். பொம்மைகளைக் கோத்திருந்த கயிறு எங்கோ சிக்கியிருந்தது. விறைத்துப்போன கையால் வெடுக்கென்று இழுத்தார். ஆறு பொம்மைகளும் கொத்தாகக் கிளம்பி, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு பறந்து வந்து மறைப்பில் மோதின. ஒன்று உலிஸின் தொப்பியைத் தட்டிவிட்டது.

அன்றைக்கு அந்தக் குளத்தில் பறந்த வாத்துகளிலேயே இவை ஆறுதான் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் வந்தவை. நிஜ வாத்துகள் எட்டும் எங்கே போயின என்றே தெரியவில்லை.

சூரியன் அணைந்தது. சீசன் முடிந்தது.

"கோழியை வாங்கிடலாம் அத்தான். அக்கா எழுந்து வந்தா நான் பேசிக்கறேன்."

"வந்தா நல்லதுதான்" என்றார் அல்சீட்.

சாலை முக்கில் வெர்னாவின் தீவனக் கடை திறந்திருந்தது. தோட்டாவும் விற்பாள், உறைந்த கோழியும் விற்பாள். அல்சீட் ஈரம் சொட்டச் சொட்ட உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு கோழியை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணாடிக்கு வெளியே உலிஸ் வண்டியில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த வருஷம் ஒண்ணுமே விழலையாமே அண்ணே?"

"பொம்மையை எப்படி வெச்சாலும் வரமாட்டேங்குது, வெர்னா. எங்க தப்புப் பண்றேன்னே தெரியல. கை மறந்துபோச்சு போல."

வெர்னா கோழியைப் பையில் போடவில்லை. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டிக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"உங்க குளத்துல தூவறதுக்கு ஒனெசியா அக்கா வெள்ளிக்கிழமை தவறாம வாங்கிட்டுப் போவாங்களே ரெண்டு மூட்டை நெல்லு, அவங்களுக்கப்புறம் நீங்க வருவீங்கன்னு நவம்பர்லேருந்து எடுத்து வெச்சிருக்கேன், அதை இப்ப நான் என்னண்ணே பண்ண?"