பொன்னுக்கு வீங்கியவன்

எதிர் குவார்ட்டர்ஸில் நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி இருந்துவிட்டால், இந்தப் பக்கத்துப் பையனுக்கு ஆயுசுக்கும் நிம்மதி கிடையாது. நெய்வேலியில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஸ்டெல்லா இருந்தாள். அவள் அப்பாவும் என் அப்பாவும் மைன்ஸில் ஒரே ஷிப்ட். நாங்கள் இருவரும் ஒரே பள்ளி, பிறகு ஒரே மருத்துவக் கல்லூரி. எப்போதும் அவள் முதல் ரேங்க், நான் மூன்றாவது. (இரண்டாவது வாங்கியவன் பெயர்கூட எனக்கு நினைவில்லை. அவன் மேல் எனக்குப் பொறாமையே வந்ததில்லை. அவன் வேறு பிளாக்.)

பட்டமளிப்பு விழாவில் அவளுக்குத் தங்க மெடல் கொடுத்தார்கள். அவள் அம்மா அதை டப்பாவோடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் காட்டினார். என் அம்மா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அது சும்மா முலாம்மா" என்றேன்.

"அந்த முலாமாச்சும் நீ வாங்கிக்கினு வந்திருக்கலாமில்ல?"

அதோடு விட்டதா? மேற்படிப்பிலும் இருவருக்கும் ஒரே துறை அமைந்தது. தொற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து, அதையே பாடமும் நடத்துகிற துறை. டாக்டருக்குப் படித்தும் ஊசி போடாத துறை என்பதால், அம்மா என்னை "வாத்தியார் டாக்டரு" என்றுதான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் மருத்துவக் கல்லூரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஒரே அறை, எதிரெதிர் மேஜை. அங்கேயும் அவள் எனக்கு எதிர் வீடுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் டவுன்ஷிப் பிள்ளைகளுக்கு வரிசையாகப் பொன்னுக்கு வீங்கி வந்தது. எச்சில் வழியாகப் பரவுகிற கிருமி. காதுக்குக் கீழே வீங்கி முகம் பன் மாதிரி உப்பிவிடும். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வற்றிவிடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை, பெயரும் அதனால்தான். அந்த நம்பிக்கையைச் சொல்லி வகுப்பில் மாணவர்களைச் சிரிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன்.

துறைத் தலைவர் எங்களைக் கூப்பிட்டார். "ரெண்டு பேரும் உள்ளூர்க்காரங்க. முதல்ல யாருக்கு வந்துச்சு, எப்படிப் பரவுச்சுன்னு கண்டுபிடிங்க. நம்ம துறையிலேருந்து ஒருத்தரை அடுத்த மாசம் லண்டனுக்குப் பயிற்சிக்கு அனுப்பணும். இந்த ஆய்வைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."

லண்டன் என்றதும் எனக்கு ஸ்டெல்லா ஒரு குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் நின்று என் அம்மாவிடம் விடைபெறுவது போல் ஒரு காட்சி தோன்றியது. வயிறு அப்போதே எரிய ஆரம்பித்துவிட்டது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "சேகரு, உனக்குச் சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்திருக்கா? எனக்கு வந்துடுச்சு. வராதவங்க அந்த வீடுங்களுக்குள்ள போவக் கூடாது. அம்மாவக் கேட்டுட்டு வா."

"எல்லாம் வந்து போயிடுச்சு" என்றேன்.

வந்ததா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. என்னை வாசலில் நிறுத்திவிட்டு லண்டன் போகப் பார்க்கிறாள் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

ஆளுக்குச் சில தெருக்களாகப் பிரித்துக்கொண்டோம். நான் டை கட்டிக்கொண்டு போனேன். (நெய்வேலி வெயிலில் டை கட்டிக்கொண்டு தெருவில் நடந்தவர்கள் நானும், துணி சோப்பு விற்க வந்தவரும்தான்.) முதல் வீட்டிலேயே அதிகாரமாக ஆரம்பித்தேன்.

"இந்த வீட்டுல யாருக்காவது கான்டாக்ட் உண்டா?"

நோயாளியோடு நெருங்கிப் பழகியவரைத்தான் எங்கள் தொழிலில் கான்டாக்ட் என்போம். அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"என்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? கான்ட்ராக்ட்டெல்லாம் இல்ல. எங்க வூட்டுக்காரரு பர்மனென்ட்டு!"

அடுத்த வீட்டில், "மச்சான் ஒருத்தரு கான்ட்ராக்ட்டுதான், பர்மனென்ட் பண்ணப் போறாங்களா சார்?" என்று எனக்கு நாற்காலி போட்டார்கள். மூன்றாவது வீட்டில் மச்சானையே கூட்டிவந்து நிறுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் டை கட்டிய ஆபீசர் ஒருவர் பர்மனென்ட் செய்ய ஆள் எடுக்கிறார் என்று செய்தி பரவிவிட்டது. நான் ஆராய்ந்த நோய்கூட அவ்வளவு வேகமாகப் பரவவில்லை.

ஸ்டெல்லாவோ வாசலில் உட்கார்ந்து, "பாப்பா யார்கூட வெளாடிக்கினு இருந்துச்சுக்கா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான், எல்லாம் தானாக வந்து விழுந்ததாம். இதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். தொழில் ரகசியத்தை இப்படி வாரிக் கொடுக்கிறவள் மேல் எப்படிப் பொறாமைப்படுவது? நான் பட்டேன்.

கடைசியில் எனக்கும் ஒரு வீடு வாய்த்தது. ஒரு சின்னப் பெண், இரண்டு கன்னமும் வீங்கி, கழுத்தில் அம்மாவின் சங்கிலியோடு உட்கார்ந்திருந்தாள். "சேத்தியாத்தோப்புல ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கினு வந்தோம் சார். அங்க ஒரு புள்ளைக்கு வீங்கியிருந்திச்சு. அப்பறம் இதோட அண்ணனுக்குத்தான் மொதல்ல வந்திச்சு. அவன்கிட்டேருந்து இதுக்கு..." என்று தாய் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் நோயாளி! லண்டன்! அந்த நேரம் பார்த்து அந்தப் பெண், தான் பாதி கடித்த பண்ருட்டிப் பலாச்சுளையின் மீதியை என் வாயில் திணித்தாள். துப்பினால் தாய் பேச்சை நிறுத்திவிடுவாள். விழுங்கினேன். இனிப்பாகத்தான் இருந்தது.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் கல்லூரியில் கருத்தரங்கு. அன்று காலை எழுந்தால் வலது கன்னம் இரண்டாள் கன்னமாக இருந்தது. அம்மா பார்த்தவுடனே சொல்லிவிட்டார்.

"பொன்னுக்கு வீங்கிடா இது! சின்ன வயசுல உனக்கு வரவேயில்லையே."

தன் முறுக்குச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். கிருமி பற்றி அவருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றியிருப்பேன். வாயைத் திறக்க முடியவில்லை. நோய் வந்தவன் வீட்டில் தனியாக இருக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிற நான், இது வெறும் பல்வலி என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, காலர் பொத்தானை மேல்வரை போட்டு, கைக்குட்டையால் கன்னத்தைப் பொத்தியபடி பஸ் ஏறினேன்.

முதலில் ஸ்டெல்லா பேசினாள். திரையில் டவுன்ஷிப்பின் வரைபடம், அதில் வீடுவீடாகப் புள்ளிகள். முதல் புள்ளி, சேத்தியாத்தோப்புக் கல்யாணத்துக்குப் போய்வந்த என்னுடைய அந்த வீடு! பக்கத்துத் தெருப் பிள்ளைகளை விசாரித்துக்கொண்டே வந்து அதே வீட்டைப் பிடித்திருக்கிறாள், பலாச்சுளை சாப்பிடாமலேயே. துறைத் தலைவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். என் லண்டன் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

"நோய் டவுன்ஷிப்புக்குள்ளேயே அடங்கிவிட்டது. வெளியே பரவவில்லை" என்று முடித்தாள்.

நான் எழுந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "வெளிய பழவலைன்னு எப்பிழிச் சொல்ழீங்க? ஆதாழம் என்ன?"

ஆவேசத்தில் இரண்டு கையும் ஆடின. கைக்குட்டை கீழே விழுந்தது. காலர் பொத்தான் தெறித்தது. அம்மாவின் முறுக்குச் சங்கிலி சட்டைக்கு வெளியே வந்து, குழல்விளக்கு வெளிச்சத்தில் மின்னியது.

அரங்கம் முழுவதும் தொற்றுநோய் படித்தவர்கள். யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்து நாற்காலிகள் மளமளவென்று காலியாயின.

ஸ்டெல்லா என் கன்னத்தையும் சங்கிலியையும் பார்த்தாள். பிறகு துறைத் தலைவர் பக்கம் திரும்பி, சிரிக்காமல் சொன்னாள். "சேகர் சொல்றது சரி சார். என் முடிவு தப்பு. வெளிய பரவியிருக்கு, இந்த ஹால் வரைக்கும்."

வாழ்க்கையில் நான் அவளை ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்த மைக்கை யாரும் தொடாதீங்க" என்றார் தலைவர்.

லண்டனுக்கு அவள் போனாள். குளிர் கோட்டோடு எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் விடைபெறவும் செய்தாள். நான் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்போது இடது கன்னமும் வீங்கியிருந்தது. அவள் கட்டுரை பத்திரிகையில் வந்தபோது, வரைபடத்தில் டவுன்ஷிப் எல்லைக்கு வெளியே, எங்கள் கல்லூரி இருக்கிற இடத்தில், தனியாக ஒரு புள்ளி இருந்தது. நல்ல வரைபடம் என்பதால் நானே அதை வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். "அந்தக் கடைசிப் புள்ளி யாரு சார்?" என்று எவனாவது கேட்காமல் இருப்பதில்லை. பரீட்சைக்கு வராது என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் ஸ்டெல்லா பெரிய பொறுப்புக்குப் போயிருப்பதாகப் பேப்பரில் போட்டோ போட்டிருந்தார்கள். நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, இட்லி வேண்டாம் என்றேன். மனைவி போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே குரல் கொடுத்தாள்.

"அத்தே, உங்க புள்ளைக்கு மறுபடியும் வீங்கிடுச்சு. செயினு எடுத்துக்கினு வாங்க!"

அம்மா நிஜமாகவே கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். நானும் கழுத்தை நீட்டினேன். ஒரு வாரம் போட்டிருந்தேன். வற்றவில்லை.