மேகப்பெட்டகமும் செல்லனின் ஹார்னும்

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்பார்கள் சிலர். சக்கரம் என்பார்கள் சிலர். இரு தரப்பாரும் தெராத்தாய் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகக் குழுவின் ஏழாவது சிறப்புக் கூட்டத்தில் கலந்துகொள்ளாதவர்கள். கலந்துகொண்டிருந்தால் நெருப்பும் சக்கரமும் வெறும் ஒத்திகைதான், மனிதன் உண்மையில் காத்திருந்தது 'கிளவுட்' என்னும் மேகத்துக்காகத்தான் என்பது அவர்களுக்கும் ஐயம் திரிபறப் புரிந்திருக்கும்.

அந்தக் கூட்டத்தைக் கூட்டிய பெருமை செயலாளர் சுகுமாறனைச் சேரும். கோலா சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகும் சாலையில் செம்பனைக் காட்டுக்குள் திரும்பி நாலு கிலோமீட்டர் போனால் வருகிற தோட்டம் அது. சுகுமாறன் அங்கே ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்குக் கணக்கர். உர மூட்டைகளை அடுக்கி அடுக்கி அலுத்துப்போன மனிதருக்கு, தன்னைத் தானே அடுக்கிக்கொள்ளும் பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற செய்தியே பெரும் பரவசத்தைத் தந்தது. கோயிலின் காசெட்டுகளையும் சிடிக்களையும் இரண்டு மாதம் உட்கார்ந்து கணினியில் ஏற்றி முடித்திருந்தார். இனி அவற்றை ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்தால் அது பாட்டுகளை வகை பிரித்து, மேகத்தில் பத்திரப்படுத்தி, கோயிலின் எல்லாச் சாதனங்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடும் என்று விளக்கினார்.

"மேகத்துல வச்சா, மழ பேஞ்சா என்னா ஆவுறது?" என்று கேட்டார் பொருளாளர் நடராஜா.

"அது அந்த மேகம் இல்லண்ணே. அதுவும் ஒரு கம்ப்யூட்டருதான்."

"யாரு கம்ப்யூட்டரு?"

"யாரோ ஒருத்தங்களோடது."

"அப்ப நம்ம சாமி பாட்டு எவனோ ஒருத்தன் வூட்ல இருக்குமா?"

தலைவர் இராமையா கையை உயர்த்தினார். முப்பது வருஷம் வேலையாட்களை மேய்த்த மண்டோராக இருந்தவர். அவர் கை உயர்ந்தால் தோட்டத்தில் மரங்கொத்தியும் கொத்துவதை நிறுத்தும் என்று பெயர்.

"கோயில் நகை எங்க இருக்கு? பேங்க்ல. யாரு பேங்க்? எவனோ ஒருத்தன் பேங்க். அப்புறம் என்னா லா?"

 தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மென்பொருளின் ஆங்கிலப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அதற்கு 'மேகப்பெட்டகம்' என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு மட்டும் நாற்பது நிமிடம் பிடித்தது. பாதுகாப்பு முழுமை அடைந்துவிட்ட காரணத்தால் காசெட்டுகளையும் சிடிக்களையும் பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிடுவது என்பது இரண்டாவது தீர்மானம். மறுநாள் காலையிலேயே லோரி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று.

பெட்டகத்தின் அறிவுத்திறனைச் சொல்லி மாளாது. தாளத்தை வைத்தே அது பாட்டுகளை வகை பிரித்தது. விடியற்காலையில் சாமியை எழுப்பும் பாட்டுகளைத் 'தூக்கத்துக்கு உகந்தவை' என்றது. உறுமி மேளத்தை 'உடற்பயிற்சி'யில் சேர்த்தது. ஐயர் ஓதிய மந்திரங்களுக்குப் 'பேச்சு நிகழ்ச்சிகள்' என்று தலைப்புக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை பூசையில் ஐயர் கற்பூரத் தட்டோடு நிற்க, திரையில் சின்ன வட்டம் ஒன்று பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தபோது, "அதுவும் பிரதட்சிணம் பண்ணுது, அவசரப்படாதீங்க" என்று தலைவர் பக்தர்களை அமைதிப்படுத்தினார்.

'ஒருங்கிணைப்பு' அதைவிடச் சிறப்பு. அலுவலக மடிக்கணினி, ஒலிபெருக்கி அறைக் கணினி, சுகுமாறனின் கைப்பேசி, தலைவரின் மகன் அவருக்கு வாங்கிக் கொடுத்த டேப்லெட் ஆகிய நான்கும் ஓருயிர் ஈருடல் என்பதைத் தாண்டி ஓருயிர் நாலுடலாக இயங்கின. தலைவர் பூப்பந்துப் போட்டிகளைச் சேமிக்க இடம் போதவில்லை என்று தம் டேப்லெட்டில் இருநூறு பாட்டுகளை அழித்தார். நான்கு நொடியில் அவை நான்கு இடத்திலும் அழிந்தன. பெட்டகத்தின் குப்பைத்தொட்டியில் தேடி எடுத்துத் திரும்ப ஏற்ற மூன்று நாள் ஆயிற்று. ஏறும்போது ஆமையாகவும் இறங்கும்போது ராக்கெட்டாகவும் செயல்படும் வித்தை வேறு எந்தச் சாதனத்துக்கு வாய்க்கும்? அந்தச் செவ்வாய்க்கிழமை அபிஷேகத்தின் நடுவே ஒலிபெருக்கியில் பூப்பந்து வர்ணனை முழங்கியதையும் ஒருங்கிணைப்பின் வெற்றியாகவே குறிப்பேட்டில் பதிந்தார்கள்.

இந்தப் புகழுரைக்கு நடுவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெட்டகத்தில் இருந்த ஆயிரத்து முந்நூறு சொச்சம் பாட்டுகளில் பத்தொன்பது பாட்டுகள் கடையில் வாங்கியவை அல்ல. அவை சுகுமாறனின் மனைவி திலகா பாடியவை. திலகா பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து இருபத்தாறு வருஷம் வெள்ளிதோறும் அந்தக் கோயிலில் பாடியவள். இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் கட்டி என்று அறுவை சிகிச்சை நடந்தது. ஆள் பிழைத்துக்கொண்டாள், குரல் போய்விட்டது. இப்போது பேசினால் கரகரவென்று நாலு வார்த்தை வரும். பாட்டு வராது.

சுகுமாறன் மேகத்தைத் தேடிப் போனதே அந்தப் பத்தொன்பது பாட்டுகளுக்காகத்தான். காசெட் நாடா தேய்ந்துகொண்டே வந்தது. போட்டுக் கேட்கும் ஒவ்வொரு முறையும் குரல் இன்னும் கொஞ்சம் மங்கியது. அதைக் கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்ததால் 'நவீனமயம்' என்று சொல்லிவைத்தார்.

பத்தொன்பதில் முதன்மையானது அம்மன் தாலாட்டு. ஆடித் திருவிழாவின் கடைசி நாள் அம்மனை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது அதைப் போடுவார்கள். பதிவு செய்த அன்று இரண்டாவது சரணத்தில், வெளியே செம்பனைப் பழம் ஏற்றிக்கொண்டு போன லோரிக்காரன் செல்லன், குறுக்கே வந்த மாட்டுக்கு ஹார்ன் அடித்துத் தொலைத்தான். 'பாங்' என்று நீளமாக விழுந்துவிட்டது. மறுபடி பதிய பேட்டரி இல்லை. அடுத்த திருவிழாவில் அந்த 'பாங்' வந்தபோது ஐயர் திடுக்கிட்டு ஊஞ்சலைக் கொஞ்சம் பலமாகத் தள்ளிவிட்டார். அம்மன் உயரே போய் வந்ததைப் பார்த்துச் சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்றிலிருந்து அதுவே சம்பிரதாயம். அந்த இடம் வந்தால் சபையே "பாங்!" என்று கத்த வேண்டும், ஐயர் பலமாகத் தள்ள வேண்டும். ஹார்ன் இல்லாமல் அம்மன் உயரப் போவதில்லை.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒத்திகைக்காகத் தாலாட்டைப் போட்டார் சுகுமாறன். வீணை வந்தது. புல்லாங்குழல் வந்தது. தேனில் குழைத்த ஒரு குரல் வந்தது. முதல் அடி என்னவோ அதேதான். பிள்ளைகள் வாயைத் திறந்து தயாராக நின்றார்கள். ஐயர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது சரணம் குழலோடு வழுக்கிக்கொண்டு போயே போய்விட்டது. ஹார்ன் வரவில்லை.

"இது யாரு பாடுறது?" என்று கேட்டாள் தலைவரின் மனைவி லீலாவதி.

யாருக்கும் தெரியவில்லை. பூத்தட்டோடு தூண் பக்கத்தில் நின்றிருந்த திலகா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"நல்லாத்தான் பாடுறாங்க," என்றாள் கரகரத்த குரலில். அப்புறம் பூக்கட்டப் போய்விட்டாள்.

 சுகுமாறன் பத்தொன்பதையும் போட்டுப் பார்த்தார். திரையில் ஓடிய பெயர்களின்படி பத்தொன்பதிலும் சென்னையின் புகழ்பெற்ற பாடகிகள் பாடினார்கள். நான்கு சாதனங்களிலும் ஓடி ஓடிப் பார்த்தார். ஒருங்கிணைப்பில் ஒரு குறையும் இல்லை; நான்கிலும் திலகா இல்லை.

மேகப்பெட்டகத்தில் உதவி கேட்க ஒரு கட்டம் உண்டு. தமிழும் தெரிந்த கட்டம்.

"வணக்கம்! நான் உங்கள் இசைத் தோழி. இன்று உங்களை எப்படி மகிழ்விக்கலாம்?"

'என் மனைவி பாட்டைக் காணோம்' என்று தட்டினார் சுகுமாறன்.

"உங்கள் மனைவி காணாமல் போனதற்கு வருந்துகிறோம். அருகிலுள்ள காவல் நிலையத்தை அணுகவும்."

'மனைவி இருக்கிறாள். அவள் பாடிய பாட்டுதான் இல்லை.'

"மகிழ்ச்சி! உங்கள் பத்தொன்பது பாடல்கள் தரக் குறைவானவை என்று கண்டறியப்பட்டன. ஒன்றில் வாகன ஒலியும் இருந்தது. அவற்றுக்கு இணையான உயர்தரப் பாடல்களை இலவசமாக மாற்றித் தந்துள்ளோம். வாழ்த்துகள்!"

'எனக்குப் பழையதுதான் வேண்டும்.'

"மேம்பாட்டைத் திரும்பப் பெற இயலாது."

'யாரைக் கேட்டு மாற்றினாய்?'

"'பாடியவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. பாடியவர் இல்லாத பாடல்களுக்கு நாங்களே பாடியவரைத் தேடிக் கொடுக்கிறோம். இந்த உரையாடலுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

சுகுமாறன் நட்சத்திரம் தரவில்லை. அந்தக் கட்டம் எப்படிக் காலியானது என்பது அவருக்குத் தெரியும். பாட்டுகளை ஏற்றிய சமயத்தில் குழுவில் பேசிய விஷயம்தான். திலகா பெயரைப் போட்டால் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் தட்டிய லீலாவதி பெயரைப் போட வேண்டும். ஆர்மோனியம் வாசித்துவிட்டுக் கோலா குபு பாருவுக்குக் குடிபோனவர் பெயரையும் போட வேண்டும். "கோயிலு பொது. தனிநபர் விளம்பரம் வேணாம்," என்றார் தலைவர். அவர் அதைச் சொன்னது, 'உபயம்: இராமையா குடும்பத்தார்' என்று மூன்று இறக்கையிலும் எழுதிய காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. அந்தக் கோயிலில் டியூப்லைட்டுக்குப் பெயர் உண்டு. தண்ணீர்த் தொட்டிக்குப் பெயர் உண்டு. செருப்பு வைக்கும் அலமாரிக்கு இரண்டு பெயர் உண்டு. தனிநபர் விளம்பரம் வேண்டாம் என்ற அந்த உயர்ந்த தீர்மானத்தை வழிமொழிந்தவர் சுகுமாறன். தன் பெண்டாட்டி பெயரைத் தானே போட்டுக்கொண்டதாக நாலு பேர் பேசிவிடுவார்களே என்று அவருக்குப் பயம்.

மறுநாள் காலை அலுவலக வாசலில் அவர் பேய் அறைந்தவர் போல் நின்றிருந்தபோது, செல்லனின் லோரி பக்கத்தில் வந்து நின்றது.

"என்னாண்ணே, மூஞ்சி இப்படி இருக்கு?"

சுகுமாறன் சொன்னார். 

"அட, இதுக்கா? அக்கா பாட்டு பத்தொம்போதும் எங்கிட்ட இருக்கு லா!"

"உங்கிட்டயா? எப்படிடா?"

"நீங்க காசெட்ட கம்ப்யூட்டர்ல ஏத்துனீங்கல்ல, அப்ப எனக்கும் பென்டிரைவ்ல போட்டுத் தரச் சொல்லிக் கேட்டு வாங்குனேனே, மறந்துட்டீங்களா? என் ஹார்ன் இருக்குல்லண்ணே அதுல. செகிஞ்சான் பக்கம் லோட் எடுக்கப் போனா இதான் ஓடும். அரிசி ஆலை மொதலாளி, அந்தச் சீனத் தவுக்கே கூட ஒரு நாளு கேட்டாரு, யாரு பாடுறது, நல்லா இருக்கேன்னு."

சுகுமாறன் லோரியில் ஏறி உட்கார்ந்தார். செல்லன் பொத்தானை அழுத்தினான். புழுதி படிந்த அந்த ஸ்பீக்கரில் திலகா பாடினாள். பக்கத்தில் லீலாவதி தாளம் தட்டினாள், யாரோ இருமினார்கள், இரண்டாவது சரணத்தில் 'பாங்' என்றது. சுகுமாறன் அழுதார். கண் கலங்கியது என்று எழுதி மழுப்பக் கூடாது; அழுதேவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது வானொலிப் பெட்டியின் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. 'பாடியது திலகாக்கா. ஹார்ன் செல்லன்.'

"இது யாரு போட்டது?"

"நாந்தாண்ணே. யாரு பாடுனா, யாரு ஹார்ன் அடிச்சான்னு தெரிய வேணாமா?"

திருவிழாவில் பென்டிரைவ் ஒலித்தது. "பாங்!" என்று சபை கத்தியது, ஐயர் தள்ளினார், அம்மன் உயரே போய் வந்தாள். பெண்கள் கூட்டத்தில் திலகாவின் உதடுகள் அசைவதைச் சுகுமாறன் பார்த்தார். சத்தம் வரவில்லை. ஆனாலும் எல்லா அடிகளையும் அவள் பாடி முடித்தாள்.

அடுத்த ஞாயிறு சிறப்புக் கூட்டம். மேகத்தின் பிடியிலிருந்து கோயில் சொத்தை மீட்ட செயலாளர் சுகுமாறனுக்குப் பலத்த கைத்தட்டலுக்கிடையே பொன்னாடை போர்த்தினார் தலைவர். செல்லனுக்கு நன்றி தெரிவிக்க இயலவில்லை. அவன் உறுப்பினர் பாரம் நிரப்பவில்லை. அடுத்ததாக, மீட்கப்பட்ட பத்தொன்பது பாட்டுகளையும் மேலும் பாதுகாப்பாக வைக்க உடனே மறுபடி மேகப்பெட்டகத்தில் ஏற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு சுகுமாறன் மடிக்கணினி முன் உட்கார்ந்தார். திரையில் அந்தக் கட்டம் வந்து நின்றது. பாடியவர் யார்?

"இந்தத் தடவ காலியா வுடக் கூடாது," என்றார் நடராஜா. "வுட்டா மறுபடியும் எல்லாத்தையும் கெடுத்து ரோசாக் ஆக்கிடும்."

"கோயில் நிர்வாகக் குழுன்னு போட்டுடுங்க," என்றார் தலைவர். "பொதுவா இருக்கும்."

"வழிமொழிகிறேன்," என்றார் நடராஜா.

சுகுமாறனின் விரல் பலகை மேல் நின்றது. அவருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. பொன்னாடை கழுத்தில் உறுத்தியது. 

தலைவருக்கே ஏதோ தோன்றியிருக்க வேண்டும். பின் வரிசையைப் பார்த்து, "ஏம்மா திலகா, நீ ஒன்னும் தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்றார்.

திலகா எழுந்தாள். அறுவைக்குப் பிறகு அவள் கூட்டத்தில் பேசியதே இல்லை. காற்றாடியை யாரோ நிறுத்தினார்கள், குரல் கேட்க வேண்டுமே என்று.

"தப்பா எடுக்க என்னா இருக்கு தலைவரே," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தச் சாமானுக்கு என் பேரு தெரியாது. அதனால வேற யாரு பேரையோ போட்டுச்சு."

அப்புறம் தலைவரை விட்டுவிட்டுப் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த தன் புருஷனைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"