டைகருக்கு வந்த பிரசவ வேதனை

சாஆ ரப்பர் தோட்டம்,
ஆவணி மாதம், 1934.

பொந்தியான் ஊரில் கொப்பரைக் கடையில் வேலை பார்க்கும் என் மைத்துனன் சிரஞ்சீவி லெட்சுமணனுக்கு, தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சபாபதி ஆசி கூறி எழுதுவது. இங்கே உன் அக்காள் சந்திரமதி சுகம். உன் சுகத்தை விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. ஆனாலும் முறை என்று ஒன்று இருப்பதால் விசாரிக்கிறேன்.

வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் உன் நாய் டைகரை என் வீட்டில் கட்டிவிட்டு என்ன சொன்னாய்? "தின்னு தின்னு வயிறு தொங்குது மச்சான். கஞ்சி மட்டும் ஊத்துங்க, நல்லா நடக்க விடுங்க" என்றாய். நானும் நம்பி, தினமும் விடிந்ததும் ரப்பர் மரங்களுக்கு நடுவே அதை இழுத்துக்கொண்டு நடந்தேன். நான் இளைத்தேன், அது பெருத்தது. கடைசியில் பால் வெட்டுகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, பிள்ளைத்தாய்ச்சியை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். இதுகூடத் தெரியாமலா அடா நீ நாய் வளர்த்தாய்? அன்றிலிருந்து உன் அக்காள் நாய்க்கு மீனும் சோறும் போடுகிறாள். கஞ்சி எனக்கு.

இன்று காலை டைகர் எதையும் தொடவில்லை. மூச்சு வாங்கியது, உடம்பு நடுங்கியது. திறந்து கிடந்த என் தகரப் பெட்டிக்குள் ஏறி, ஆபீசுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைக் கிழித்துப் படுக்கை போட்டுக்கொண்டது. முக்கி முக்கிப் பார்த்தும் குட்டி வரவில்லை. கண்கள் செருகின. கோட்டுக்காகக் கத்த வாயைத் திறந்த நான் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். "ஏங்க, குட்டி அடைச்சுக்கிச்சு. டிரஸ்ஸரக் கூட்டிட்டு வாங்க. இது செத்துச்சுன்னா உங்க மொகத்துல முழிக்க மாட்டேன்" என்றாள் சந்திரமதி. குட்டி அடைத்ததற்கு நான் என்ன செய்வேன்?

கோட்டில்லாமல் ஆபீசுக்கு ஓடினேன். வாய் குழறி, வீட்டில் பிரசவ வேதனை, உயிருக்கு ஆபத்து என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிவிட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக் குலுக்கி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் காளியப்பனைத் தம் காரிலேயே என்னோடு அனுப்பிவிட்டார். மனைவியை மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வராத நான் மனிதனே இல்லை என்று காளியப்பன் வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தார். உண்மையைச் சொல்ல என்னை விடவேயில்லை. உள்ளே நுழைந்து பெட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"கிராணியாரே, இதுக்கா தொரை காரு?"

அவர் திரும்பிப் போகாதபடி சந்திரமதி வாசலை மறைத்துக்கொண்டு நின்றாள். அவர் என்னையும் என் வம்சத்தையும் ஏசிக்கொண்டே கை கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, குறுக்கே மாட்டியிருந்த குட்டியை மெல்லத் திருப்பி எடுத்தார். அதற்கு மூச்சில்லை. உன் அக்காள் என் கோட்டின் கையால் அதைத் துடைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஒருவழியாகக் கீச்சென்றபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு மற்றவை வரிசையாக வந்து விழுந்தன. இதோடு தீர்ந்ததா? சாயங்காலம் துரை, தாய்க்குக் கொடுக்கச் சொல்லி ஒரு டின் பிஸ்கட் அனுப்பியிருக்கிறார். நாளை அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? தோட்டமே சிரிக்கிறது. எல்லாம் உன்னால் வந்த வினை.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து தாயையும் குட்டிகளையும் கொண்டுபோய்விட வேண்டும். வராவிட்டால் எல்லாவற்றையும் கூடையில் போட்டு, உன் முதலாளி பெயருக்கே லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவேன். இதில் மாற்றமில்லை.

நோய் நொடியின்றி, கொஞ்சமாவது புத்தியோடு நீ நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
சபாபதி

பின்குறிப்பு (மறுநாள் எழுதியது): ஞாயிற்றுக்கிழமை வராதே. புது ஆளைக் கண்டால் டைகர் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அலைகிறது. இப்போது நீ அதற்குப் புது ஆள்தான். இன்று துரையிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டு ஒரு குட்டி கேட்டார். தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். வந்துதான் தீருவாய் என்றால் வெறுங்கையோடு வராதே. அங்கே கடலில் பால்சுறா அகப்படுமாமே, வாங்கி வா. பெற்றவளுக்குப் பால் போதவில்லை.